சுழிப்புள்ளி ஆற்றல்: வசதிக்காகச் சேர்த்த மாறிலியா, மூலக்கூறுக்குள் உண்மையிலேயே உள்ளதா?

கேள்வி: முதுநிலை வேதியியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். மூலக்கூறு நிறமாலையியல் பாடத்தில் ஈரணு மூலக்கூறுகளின் அதிர்வு மட்டங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூலக்கூறை ஒரு சீரிசை அலையியற்றியாகக் கொண்டால், அதிர்வுக் குவாண்டம் எண்ணோடு அரையைக் கூட்டி, வரும் எண்ணைப் பிளாங்க் மாறிலியாலும் அதிர்வெண்ணாலும் பெருக்கினால் ஒவ்வொரு மட்டத்தின் ஆற்றலும் கிடைத்துவிடுகிறது. குவாண்டம் எண் 0 ஆக இருக்கும்போதும் அந்த அரைப் பங்கு போவதில்லை. அதற்குச் சுழிப்புள்ளி ஆற்றல் என்று பெயர் என்று சொல்லிவிட்டுப் பாடநூல் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறது. வாய்பாட்டைத் தருவிப்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் தொடங்கி ஹெர்மைட் பல்லுறுப்புக்கோவைகள் வரை இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். அந்த அரைக்கு என்ன பொருள் என்பதுதான் பிடிபடவில்லை.

என் ஐயம் இதுதான். ஆற்றலுக்குச் சுழியை எங்கே வைப்பது என்பது நம் விருப்பம் என்று இயக்கவியலின் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியானால் எல்லா மட்டங்களிலிருந்தும் அந்த அரையைக் கழித்துவிட்டு, அடிநிலையின் ஆற்றல் 0 என்று எழுதிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? ஹைட்ரஜன் குளோரைடின் அகச்சிவப்பு நிறமாலையில் நாம் பார்ப்பது, 0-ஆம் மட்டத்திலிருந்து 1-ஆம் மட்டத்துக்குத் தாவும்போது உறிஞ்சப்படும் ஒளியைத்தான். அது இரு மட்டங்களின் வேறுபாடு என்பதால் இரண்டிலும் உள்ள அரை ஒன்றையொன்று கழித்துக்கொண்டு போய்விடுகிறது. அளவீட்டில் ஒருபோதும் தலைகாட்டாத ஒன்றை உண்மையானது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்றும் உறுத்துகிறது. தனிச்சுழி வெப்பநிலையிலும் மூலக்கூறு அதிர்ந்துகொண்டே இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். ஹைட்ரஜன் குளோரைடு இருமுனைத் திருப்புத்திறன் உள்ள மூலக்கூறு. மின்சுமைகள் முன்னும் பின்னுமாக ஆடினால் மின்காந்த அலை வெளிப்பட வேண்டும். ஆற்றல் குறைய வேண்டும். கடைசியில் ஆட்டம் நின்றுபோக வேண்டும். அது நடக்கவில்லை என்றால், அங்கே அதிர்வு என்று நாம் சொல்வது எதை? வகுப்பில் கேட்டபோது, நிச்சயமற்ற தன்மைக் கோட்பாட்டினால் அப்படி என்று ஒரே வரியில் விடை கிடைத்தது. அது தவறில்லை என்று தெரிகிறது. ஆனால் எனக்கு அது போதவில்லை.


மறுமொழி 1: நிறமாலையியல் ஆசிரியர்

உங்கள் முதல் ஐயம் சரியான இடத்தைத் தொடுகிறது, அதனால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு மூலக்கூறை எடுத்துக்கொண்டு, அதன் அதிர்வுத் தாவல்களை மட்டும் ஆயுள் முழுவதும் அளந்துகொண்டிருந்தாலும் அந்த அரை வெளியே தெரியாது. நீங்கள் அதைக் கழித்துவிட்டீர்கள் என்று யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் கழிக்க வேண்டிய அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்தால்தான் அது வெறும் சுழி மாற்றம் ஆகும். இங்கே அது ஒன்றாக இல்லை. அதிர்வெண் நிறையைப் பொறுத்தது; ஆகவே அரை அதிர்வெண்ணும் நிறையைப் பொறுத்தது. நிறையை மாற்றிப் பார்க்கும் வசதியை ஐசோடோப்புகள் நமக்குத் தருகின்றன.

இரு அணுக்கருக்களுக்கு இடைப்பட்ட தொலைவுக்கு எதிராக ஆற்றலை வரைந்த வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். இடப்புறம் செங்குத்தான சுவர், நடுவில் பள்ளம், வலப்புறம் மெல்ல உயர்ந்து சமமாகும் தளம். அந்தத் தளம் பிரிந்து நிற்கும் இரு அணுக்களின் ஆற்றலைக் குறிக்கிறது. இந்த வளைவை உருவாக்குபவை எலெக்ட்ரான்களும் அணுக்கருக்களின் மின்சுமையும்தான். அணுக்கருவின் நிறைக்கு அதில் இடமே இல்லை. போர்ன்–ஓப்பன்ஹைமர் தோராயம் சொல்வது இதைத்தான். எனவே சாதாரண ஹைட்ரஜன் மூலக்கூறுக்கும், இரு அணுக்களும் டியூட்டீரியமாக (ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள ஹைட்ரஜன் ஐசோடோப்பு) உள்ள மூலக்கூறுக்கும் வளைவு ஒன்றே, பள்ளத்தின் ஆழம் ஒன்றே, விசை மாறிலியும் ஒன்றே. அடிநிலை பள்ளத்தின் அடியிலேயே இருக்குமானால், இரண்டையும் பிளப்பதற்கு ஒரே அளவு ஆற்றல்தான் தேவைப்பட வேண்டும்.

அளந்தால் அப்படி இல்லை. அடிநிலையில் உள்ள ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்க 36,118 செ.மீ⁻¹ (நிறமாலையியலில் ஆற்றலைக் குறிக்கப் பயன்படும் அலை எண் அலகு) தேவைப்படுகிறது, டியூட்டீரியம் மூலக்கூறைப் பிளக்க 36,748 செ.மீ⁻¹ தேவைப்படுகிறது. வேறுபாடு 630 செ.மீ⁻¹, அதாவது மோலுக்கு ஏறத்தாழ 7.5 கிலோஜூல். இப்போது நீங்கள் தூக்கி எறிய நினைத்த அரையைத் திரும்ப எடுத்து வையுங்கள். ஹைட்ரஜனின் சுழிப்புள்ளி ஆற்றல் 2,179 செ.மீ⁻¹, டியூட்டீரியத்தினது 1,546 செ.மீ⁻¹, வேறுபாடு 633. எடை கூடிய டியூட்டீரியம் பள்ளத்தில் சற்றுத் தாழ்வாக நிற்கிறது. அதனால் வெளியே ஏற அதற்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. எஞ்சிய 3 செ.மீ⁻¹ எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். எலெக்ட்ரான்கள் அணுக்கருவின் நகர்வை முற்றிலும் கண்டுகொள்ளாமல் இருப்பதில்லை. மேற்சொன்ன தோராயத்துக்கு வரும் சிறு திருத்தம் அது. அந்தத் திருத்தத்தின் அளவும் கணக்கோடு பொருந்துகிறது.

ஆகவே சுழியை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் ஒப்பிடும் இரண்டுக்கும் ஒரே இடத்தில் வையுங்கள். பிரிந்து, அசையாமல் நிற்கும் அணுக்களின் ஆற்றலைச் சுழியாக வைத்தால் இரு மூலக்கூறுகளுக்கும் அது பொதுவானது. அங்கிருந்து கீழே பார்க்கும்போது அடிநிலைகள் வெவ்வேறு ஆழத்தில் தெரிகின்றன. நீங்கள் சொன்ன முறையில் ஒவ்வொன்றின் அடிநிலைக்கும் தனித்தனியே 0 என்று எழுதினால், ஒரு வீட்டின் இரு கிணறுகளை அவற்றின் தண்ணீர் மட்டத்திலிருந்து அளந்துவிட்டு, இரண்டும் ஒரே ஆழம் என்று சொல்வதுபோல ஆகிவிடும்.

வரலாற்றிலும் இந்த வழியாகத்தான் உறுதி கிடைத்தது. அரை என்ற எண் முதலில் வந்தது மாக்ஸ் பிளாங்க் 1911-12-இல் தம் கதிர்வீச்சுக் கொள்கையைத் திருத்தி எழுதியபோது. அது பல ஆண்டுகள் நம்பியும் நம்பாமலும் பேசப்பட்ட கருத்தாகவே இருந்தது. 1924-இல் ராபர்ட் மல்லிக்கன் போரான் மோனாக்சைடின் பட்டை நிறமாலையை ஆராய்ந்தார். இயற்கையில் கிடைக்கும் போரானில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிறை எண் 10 உடையது, மீதி 11. ஆகவே ஒவ்வொரு பட்டைக்கும் அருகில் மங்கலான இன்னொரு பட்டை தெரியும். கவனிக்க வேண்டியது, கிளர்வுற்ற மின்னணு நிலையின் 0-ஆம் அதிர்வு மட்டத்துக்கும் அடிநிலையின் 0-ஆம் அதிர்வு மட்டத்துக்கும் இடையிலான பட்டை. மட்டங்கள் 0, 1, 2 என்று முழு எண்களாகவே ஓடினால், அந்த ஒரு பட்டையில் மட்டும் இரு ஐசோடோப்புகளும் அதிர்வினால் விலகக் கூடாது. அரை, ஒன்றரை, இரண்டரை என்று ஓடினால் விலக வேண்டும். இரு மின்னணு நிலைகளின் அதிர்வு அலை எண்கள் சுமார் 1,885, 1,260 செ.மீ⁻¹. அவற்றின் வேறுபாட்டில் பாதியை எடுத்து, ஐசோடோப்பு மாற்றத்தால் அதிர்வெண் மாறும் விகிதமான ஏறத்தாழ 3 விழுக்காட்டால் பெருக்கினால் 9 செ.மீ⁻¹ அளவுக்கு விலகல் வரும். அன்றைய நிறமாலைமானிகளுக்கே இது எளிதில் தெரியும் இடைவெளி. மல்லிக்கனின் அளவீடுகள் அரையைத்தான் கேட்டன. ஹெய்சன்பர்க்கின் குவாண்டம் இயக்கவியலில் அந்த அரை தானாகவே வெளிப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு, 1925-இல். கோட்பாடு கைக்கு வருமுன்பே ஒளிப்படத் தகட்டில் அரை பதிந்திருந்தது என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லும்போது எனக்கு வியப்பு குறைவதில்லை.


மறுமொழி 2: கோட்பாட்டு இயற்பியல் ஆய்வாளர்

இரண்டாவது ஐயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். "தனிச்சுழியிலும் அதிர்ந்துகொண்டே இருக்கும்" என்ற சொற்றொடர்தான் உங்களைத் தடுமாற வைக்கிறது என்று நினைக்கிறேன். பாடநூல்கள் அதைத் தயங்காமல் எழுதுகின்றன. நான் அதை எழுத மாட்டேன்.

அடிநிலை ஒரு நிலையான நிலை. அதில் அணுக்கருக்களுக்கு இடையிலான தொலைவுக்கான நிகழ்தகவுப் பரவல் காலத்தோடு மாறுவதே இல்லை. இந்த நொடியில் நீண்டும் அடுத்த நொடியில் குறுகியும் இருக்கும் ஒன்று அங்கே கிடையாது. பரவல் அப்படியே நிற்கிறது. அதனால் மின்சுமைப் பரவலும் அப்படியே நிற்கிறது. ஆடும் இருமுனை இல்லாத இடத்தில் கதிர்வீச்சும் இல்லை. இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே விடைதான்: ஒளித்துகளை வெளியிட வேண்டுமானால் மூலக்கூறு தாழ்ந்த ஒரு மட்டத்துக்கு இறங்க வேண்டும், அடிநிலைக்குக் கீழே மட்டம் ஏதும் இல்லை.

அப்படியானால் அசைவே இல்லையா என்றால், அதுவும் சரியில்லை. உந்தத்தின் சராசரி 0. ஆனால் உந்தத்தின் இருமடியின் சராசரி 0 அல்ல. இயக்க ஆற்றல் உண்மையில் இருக்கிறது. சுழிப்புள்ளி ஆற்றலில் சரிபாதி இயக்க ஆற்றலாகவும் மறுபாதி நிலை ஆற்றலாகவும் இருக்கிறது. நம் அன்றாட மொழியில் "அசையாதது" என்றால் இயக்க ஆற்றல் அற்றது, "அசைவது" என்றால் இடம் மாறுவது. இயக்க ஆற்றல் உண்டு, ஆனால் காலத்தோடு எதுவும் மாறுவதில்லை என்ற நிலைக்கு நம்மிடம் பழைய சொல் இல்லை. உங்கள் குழப்பத்துக்குக் காரணம் இந்தச் சொல் இல்லாமைதான்.

அந்த அரை எங்கிருந்து வருகிறது என்பதை ஹெர்மைட் பல்லுறுப்புக்கோவைகள் இல்லாமலே காணலாம். பள்ளத்தின் அடியில் அணுக்களை மிக நெருக்கமாகப் பிடித்து வைத்தால் நிலை ஆற்றல் குறையும். ஆனால் இடத்தைக் குறுக்கக் குறுக்க உந்தத்தின் பரவல் அதே விகிதத்தில் அகலும், இயக்க ஆற்றல் ஏறும். பிடியைத் தளர்த்தினால் இயக்க ஆற்றல் குறையும். ஆனால் அணுக்கள் பள்ளத்தின் சரிவில் ஏறி நிற்பதால் நிலை ஆற்றல் கூடும். முதலாவது இடப்பரவலின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது, இரண்டாவது இடப்பரவலின் இருமடிக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது. இரண்டையும் கூட்டிச் சிறும மதிப்பு காணுங்கள். ஐந்து வரிகளில் முடிந்துவிடும். இரண்டும் சமமாகும் இடத்தில் சிறுமம் வரும், அதன் மதிப்பு பிளாங்க் மாறிலி பெருக்கல் அதிர்வெண்ணில் சரியாகப் பாதி. உங்களுக்குக் கிடைத்த ஒரு வரி விடையின் உட்பொருள் இந்தக் கணக்குதான். மூலக்கூறை ஒரு பள்ளத்துக்குள் அடைத்து வைத்ததற்கான விலை இது. வெப்பம் வடிந்த பிறகு மிஞ்சிய ஆட்டம் என்று இதைக் கொள்ளக் கூடாது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பு நீளம் 127 பிக்கோமீட்டர். அடிநிலையில் அந்த நீளத்தின் திட்ட விலக்கம் 7.6 பிக்கோமீட்டர், அதாவது பிணைப்பு நீளத்தில் 6 விழுக்காடு. ஹைட்ரஜன் மூலக்கூறில் இது 74-க்கு 8.7, கிட்டத்தட்ட 12 விழுக்காடு. பந்தும் குச்சியும் கொண்டு செய்த மாதிரிகளில் பிணைப்பு நீளம் ஒற்றை எண்ணாகத் தெரிகிறது. உண்மையில் அது அகலம் உள்ள ஒரு பரவல். அந்தப் பரவலின் வடிவத்தையும் ஒருமுறை வரைந்து பாருங்கள். சுருள்வில்லில் ஆடும் குண்டு, வேகம் குறைந்து திரும்பும் இரு முனைகளில்தான் அதிக நேரம் இருக்கும். அடிநிலை மூலக்கூறிலோ நடுவில்தான் நிகழ்தகவு மிகுதி. பழைய இயக்கவியல் நுழையவே விடாத எல்லைக்கு வெளியிலும் ஏறத்தாழ 16 விழுக்காடு நிகழ்தகவு இருக்கிறது. ஆடும் குண்டின் படத்தை மனத்திலிருந்து அகற்றிவிட இந்த ஒன்றே போதுமானது.

இதைக் காணத் தனிச்சுழி வரை போகவும் தேவையில்லை. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலின் அளவு சுமார் 207 செ.மீ⁻¹. ஹைட்ரஜன் குளோரைடின் முதல் தாவலுக்குத் தேவை 2,886 செ.மீ⁻¹. எனவே பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஒன்றுகூட முதல் கிளர்வுற்ற மட்டத்தில் இருக்காது. குடுவையில் உள்ள வாயு முழுவதும் அதிர்வைப் பொறுத்தவரை இப்போதே அடிநிலையில்தான் இருக்கிறது.

சுழற்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கட்டற்றுச் சுழலும் மூலக்கூறுக்குச் சுழிப்புள்ளி ஆற்றல் கிடையாது. எந்தத் திசையை நோக்கி நின்றாலும் ஆற்றல் ஒன்றே. அடைத்து வைக்கும் பள்ளம் இல்லை. அதனால் செலுத்த வேண்டிய விலையும் இல்லை. 1913-இல் ஐன்ஸ்டீனும் ஓட்டோ ஸ்டெர்னும் குறைந்த வெப்பநிலையில் ஹைட்ரஜனின் வெப்ப ஏற்புத்திறனை விளக்குவதற்குச் சுழற்சிக்குச் சுழிப்புள்ளி ஆற்றல் உண்டு என்று கொண்டார்கள். எண்கள் ஓரளவு பொருந்தவும் செய்தன. ஐன்ஸ்டீன் விரைவிலேயே அந்த வாதத்தைக் கைவிட்டார். சரியான விளக்கம், ஹைட்ரஜன் ஆர்த்தோ, பாரா (இரு அணுக்கருக்களின் தற்சுழற்சிகள் ஒரே திசையிலும் எதிரெதிர் திசையிலும் அமைந்தவை) என்ற இரு வகைகளின் கலவை என்பது. அதை 1927-இல் டென்னிசன் தந்தார். கருத்து சரி, பொருத்திய இடம் தவறு.


கேட்டவரின் தொடர்ச்சி

இருவருக்கும் மிக்க நன்றி. சிறுமக் கணக்கை உடனே போட்டுப் பார்த்தேன். சரியாக அரை வந்தது. அதிர்வு என்ற சொல்லின் மீது இருந்த உறுத்தலும் போய்விட்டது.

ஒரு சிறு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. ஹைட்ரஜன் குளோரைடு 2,886 செ.மீ⁻¹-இல் உறிஞ்சுகிறது என்றால் சுழிப்புள்ளி ஆற்றல் அதில் பாதி, 1,443 என்று எழுதினேன். அட்டவணையில் 1,482-க்கு அருகில் இருக்கிறது. ஏறத்தாழ 40 செ.மீ⁻¹ வேறுபாட்டை அளவீட்டுப் பிழை என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.


மறுமொழி 3: கணிப்பு வேதியியல் செய்பவர்

பிழை இல்லை. நீங்கள் பாதியாக்கியது முதல் தாவலை. பாதியாக்க வேண்டியது வளைவின் அடியில் உள்ள அதிர்வெண்ணை. உண்மையான பள்ளம் சீரிசையானது அல்ல, மேலே போகப் போக அகன்றுகொண்டே போகிறது. அதனால் மட்டங்கள் நெருங்கிக்கொண்டே வருகின்றன. ஹைட்ரஜன் குளோரைடின் சீரிசை அலை எண் 2,991 செ.மீ⁻¹, சீரிசையற்ற தன்மைக்கான மாறிலி 52.8. முதல் தாவலில் அந்த மாறிலி இரண்டு மடங்காகக் கழிகிறது. ஆகவே 2,886-க்கு மிக அருகில் வருகிறது. சுழிப்புள்ளி ஆற்றலிலோ அதன் நான்கில் ஒரு பங்குதான் கழிகிறது: 1,495.5-இலிருந்து 13.2 போனால் 1,482. முதல் ஏணிப்படி இரண்டாவதைவிட உயரமானது என்று வைத்துக்கொண்டால், தரைக்கும் முதல் படிக்கும் இடையிலான பாதிப் படியும் சராசரியைவிடச் சற்று உயரமாகத்தான் இருக்கும்.

அணுக்கள் கூடக் கூட இது வளரும். தண்ணீருக்கு மூன்று அதிர்வுகள்: 3,657, 1,595, 3,756 செ.மீ⁻¹. இவற்றைக் கூட்டிப் பாதியாக்கினால் 4,504. உண்மையான சுழிப்புள்ளி ஆற்றல் 4,638, மோலுக்குச் சுமார் 55 கிலோஜூல். பென்சீனுக்கு முப்பது அதிர்வுகள் இருப்பதால் அது மோலுக்கு 260 கிலோஜூல் அளவுக்குப் போய்விடுகிறது. வலுவான ஒரு பிணைப்பை முறிப்பதற்கு ஆகும் ஆற்றலோடு ஒப்பிடத்தக்க இந்த அளவு, அசையாமல் இருப்பதாக நாம் வரையும் ஒரு அறுகோணத்துக்குள் இருக்கிறது.

என் தொழிலில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வைத் தொடங்கிய காலத்தில், ஒரு ஹைட்ரஜன் அணு ஒரு கார்பனிலிருந்து அருகிலுள்ள ஆக்சிஜனுக்கு மாறும் வினைக்குக் கிளர்வு ஆற்றலைக் கணக்கிட்டேன். மின்னணு ஆற்றல்களை மட்டும் கழித்து வந்த விடை, சோதனை மதிப்பைவிட மோலுக்கு 12 கிலோஜூல் அதிகமாக இருந்தது. முறையில் குறை, அடித்தளச் சார்புகளில் குறை என்று மூன்று வாரம் தேடினேன். கணினி தந்த கோப்பின் இறுதிப் பகுதியில் "சுழிப்புள்ளித் திருத்தம்" என்ற வரி இருந்தது. நான் அதைக் கூட்டவே இல்லை. வினைபடு பொருளில் கார்பன்–ஹைட்ரஜன் நீட்சி அதிர்வு ஒன்று இருக்கிறது. கிளர்வுற்ற அணைவில் (வினைத் தடையின் உச்சியில் உள்ள அமைப்பு) அந்த அதிர்வே வினை நடக்கும் பாதையாக மாறிவிடுவதால், அதற்குரிய அரைப் பங்கு அங்கே இருப்பதில்லை. தடையின் உயரம் அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. திருத்தத்தைச் சேர்த்த பிறகு விடை சோதனையோடு ஒத்துப்போனது.

இதிலிருந்தே ஐசோடோப்பு விளைவும் கிடைத்துவிடுகிறது. கார்பன்–ஹைட்ரஜன் நீட்சி சுமார் 2,900 செ.மீ⁻¹, கார்பன்–டியூட்டீரியம் நீட்சி சுமார் 2,100. பாதிகளின் வேறுபாடு 400 செ.மீ⁻¹. கிளர்வுற்ற அணைவில் இது முழுவதும் மறைந்துவிடுகிறது என்று கொண்டால், அறை வெப்பநிலையில் ஹைட்ரஜன் உள்ள மூலக்கூறு டியூட்டீரியம் உள்ளதைவிட ஏறத்தாழ 7 மடங்கு விரைவாக வினைபுரிய வேண்டும். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு முறிவே வேகத்தைத் தீர்மானிக்கும் படியாக இருக்கும் பல வினைகளில் இதை ஒட்டிய மதிப்புகளைத்தான் அளக்கிறார்கள். உடலில் மெதுவாகச் சிதைய வேண்டும் என்பதற்காக மருந்து மூலக்கூறில் சில ஹைட்ரஜன்களை டியூட்டீரியமாக மாற்றுவதும் இதே அடிப்படையில்தான். அவ்வகையில் டியூடெட்ராபெனசைன் என்ற மருந்து 2017-இல் அமெரிக்காவில் முதலாவதாக ஒப்புதல் பெற்றது. அளவீட்டில் தலைகாட்டாது என்று நீங்கள் கருதிய அரை, மாத்திரையை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்பது வரை வந்து நிற்கிறது.


மறுமொழி 4: புதிய வாசகர்

நான் வேதியியல் படித்தவன் அல்லன்; ஆர்வத்தால் வாசிக்கிறேன். ஒவ்வொரு மூலக்கூறிலும் இவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்றால், அதை வெளியே எடுத்துப் பயன்படுத்த முடியும் என்று காணொளிகளில் சொல்வது உண்மையா?


மறுமொழி 5: கோட்பாட்டு இயற்பியல் ஆய்வாளர்

எடுக்க முடியாது. ஆற்றலை எடுப்பது என்றால் மூலக்கூறை இன்னும் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுபோவது. இதுவே மிகத் தாழ்ந்த நிலை. ஒரு வினையில் பழைய பிணைப்புகள் போய்ப் புதிய பிணைப்புகள் வரும்போது சுழிப்புள்ளி ஆற்றல்களின் வேறுபாடு வினை வெப்பத்தில் சேரும் என்பது உண்மைதான். ஆனால் அது சாதாரண வினை வெப்பத்தின் ஒரு பகுதி, தனியாக ஓர் ஊற்று அன்று. காணொளிகள் சொல்லும் இலவச ஆற்றலை நம்ப வேண்டாம்.

எடுக்க முடியாத இந்த ஆற்றல் என்ன செய்யும் என்பதற்கு ஹீலியத்தைப் பாருங்கள். சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் ஹீலியம் உறைவதில்லை. திண்மமாக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும். அணுக்களுக்கு இடையிலான ஈர்ப்பு அவ்வளவு மெலிது. அணுவை ஓரிடத்தில் அடைத்து வைப்பதற்கான விலை அதைவிடப் பெரிது. இரண்டே ஹீலியம் அணுக்களை எடுத்துக்கொண்டால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அவற்றுக்கு இடையிலான பள்ளத்தின் ஆழம் சுமார் 11 கெல்வின். அந்த ஆழத்தை ஏறக்குறைய முழுவதும் சுழிப்புள்ளி ஆற்றல் விழுங்கிவிடுகிறது; மிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகெல்வின் மட்டுமே. பள்ளத்தின் அடி 3 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருந்தும், அணுக்கள் சராசரியாக 50 ஆங்ஸ்ட்ராம் விலகி நிற்கின்றன. 1990-களில் இந்த மூலக்கூறை உண்மையிலேயே கண்டறிந்தார்கள். ஓர் அணுவை மட்டும் நிறை எண் 3 உடைய ஹீலியமாக மாற்றிவிட்டால், நிறை குறைந்து விலை கூடுவதால், அந்த மூலக்கூறு உருவாவதே இல்லை. வளைவு மாறவில்லை; எலெக்ட்ரான்கள் மாறவில்லை; ஒரு நியூட்ரான் குறைந்ததும் பிணைப்பே இல்லாமல் போய்விட்டது. முதல் மறுமொழியில் நண்பர் சொன்னதன் எல்லை நிலை இது.


கேட்டவரின் தொடர்ச்சி

முதல் மறுமொழியில் கிடைத்த எண்களை வைத்து நானே ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தேன். எங்கோ சற்று விலகுகிறது. ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றும் டியூட்டீரியம் மூலக்கூறு ஒன்றும் சேர்ந்து, ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் ஓர் அணு வீதம் கலந்த இரண்டு மூலக்கூறுகளாக மாறும் சமநிலையை எடுத்துக்கொண்டேன். வளைவு எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால், சுழிப்புள்ளி ஆற்றல் இல்லாவிட்டால் வினை வெப்பம் 0. அணுக்களைக் குலுக்கிப் போட்டதுபோலச் சமநிலை மாறிலி 4 வர வேண்டும். கலப்பு மூலக்கூறின் முறிவு ஆற்றல் 36,406 செ.மீ⁻¹ என்று அட்டவணையில் இருக்கிறது. இரண்டுக்கு 72,812, மறுபக்கம் 36,118-உம் 36,748-உம் சேர்ந்து 72,866. ஆகவே 54 செ.மீ⁻¹ வெப்பம் கொள்ளும் வினை. 298 கெல்வினில் 207-ஆல் வகுத்து அடுக்குக்குறிச் சார்பில் இட்டால் 0.77, நான்கால் பெருக்கினால் 3.08. சோதனை மதிப்பு 3.3-ஐ ஒட்டி இருக்கிறது. திசை சரி, அளவுதான் சற்றுக் குறைகிறது.


மறுமொழி 6: நிறமாலையியல் ஆசிரியர்

உங்கள் 54 சரி, 0.77-உம் சரி. விட்டுப்போனது இடப்பெயர்ச்சியும் சுழற்சியும்தான். மூலக்கூறு நிறைகளின் விகிதத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினால் 1.193 வரும், நிலைமத் திருப்புத்திறன்களின் விகிதம் 0.889. இரண்டையும் பெருக்கினால் 1.06. அதை உங்கள் 3.08-ஓடு பெருக்குங்கள்: 3.27. வெப்பநிலையை உயர்த்திக்கொண்டே போனால் 54-இன் ஆதிக்கம் குறைந்து, கிளர்வுற்ற அதிர்வு மட்டங்களும் நிரம்பத் தொடங்கி, அந்த 1.06-உம் ஈடாகிவிடும், மாறிலி 4-ஐ நெருங்கும். ஆயிரம் கெல்வினுக்கும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆனால் அங்கே அதிர்வுக்கான பகிர்வுச் சார்பை (மூலக்கூறுகள் எந்தெந்த மட்டங்களில் பரவி நிற்கின்றன என்பதைக் கணக்கில் எடுக்கும் கூட்டுத்தொகை) விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.